ஆடி மாதத்தில் திரும்பி வந்த சிரப்

ஆகஸ்ட் இரண்டு, ஆடி பதினேழு, வெள்ளிக்கிழமை. காலையில் சூரமங்கலத்தில் வழக்கமான பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கூழ் ஊற்றப் பந்தல் போட்டு, மைக் செட் கட்டியிருந்தார்கள். எட்டரைக்கு மருந்தகத்தைத் திறந்ததும் முதலில் அவசர சிகிச்சைத் தட்டைப் பார்த்தேன். உயிர்காக்கும் அட்ரினலின் ஊசிமருந்தின் கண்ணாடி ஆம்பூல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, சிரிஞ்சு அதே தட்டில் இருக்கிறதா. பணிக்காலம் முழுவதும் என் முதல் வேலை அதுதான். டீ கூட அதற்கு அப்புறம்தான். பிறகு குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்தேன். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைக்கெட்டும் தட்டுக்கு மாற்றினேன். ஒன்பது மணிக்குக் கவுண்டர் ஜன்னலைத் தூக்கினேன்.

இதெல்லாம் என் டைரியில் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலி. என் இடத்தில் மருந்தாளுநராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அந்தக் காலிப் பாதியை இப்போது எழுதுகிறேன். முழங்கால் சொன்னபடி கேட்காததால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். உடம்பு உட்கார்ந்திருக்கிறது, மனசு இன்னும் கவுண்டரை விட்டு வரவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். விசைத்தறி ஊர். காலையிலிருந்து இரவு வரை தறிச் சத்தம் நிற்காது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஆடியில் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நாம் கொடுத்த மருந்து திரும்பி வரும். பெண்கள் வருவார்கள், வரிசையில் நிற்க மாட்டார்கள், பக்கவாட்டில் வந்து பாட்டிலையோ அட்டையையோ கவுண்டர் ஓரத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடப்பார்கள். கூப்பிட்டாலும் நிற்க மாட்டார்கள்.

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்வார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து இருக்கக் கூடாது. வேறு நோய்க்கு வாங்கிய மருந்தும் கூடாது. குப்பையில் போட்டால் மருந்துக்கு மரியாதைக் குறைவு, வீட்டில் வைத்தால் ஆத்தாவுக்கு மரியாதைக் குறைவு. அதனால் வாங்கிய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நாமும் ஒன்றும் கேட்காமல் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவோம். திரும்பி வந்த மருந்தை மறுபடி அலமாரியில் வைக்கக் கூடாது என்பதோடு நம் யோசனை முடிந்துவிடும். பல ஆடிகள் அப்படித்தான் போயின.

நான் சொல்லவந்த அந்த ஆகஸ்ட் வாரம், செவ்வாய்க்கிழமை செல்வராசு தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். தறி ஓட்டுபவர். மகள் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு. தொண்டை சிவந்து, விழுங்க முடியாமல், நல்ல காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் சிரப் எழுதினார். முன்பு இந்த மருந்தால் ஏதாவது தொந்தரவு வந்ததா என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன். போன வருஷம் காதுவலிக்கு ஏதோ வெள்ளைத் தூளைக் கலக்கிக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றார் செல்வராசு. அது பாட்டிலில் தூளாகத்தான் வரும். ஆறவைத்த வெந்நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். நான் குலுக்கும்போது செல்வராசு ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏனுங்க பாயம்மா, இந்தத் தண்ணி எப்புடிங்க கிருமியக் கொல்லுது? வெசமுங்களா?"

"வெசமா இருந்தா புள்ளைக்குத் தருவமா? உங்க தொழில்தான் இது. கிருமிக்கு ஒடம்பச் சுத்தி ஒரு சுவர் இருக்கு. துணி மாதிரி. நீளவாக்குல பாவு, குறுக்கால ஊடை. அது வளர வளர அந்தச் சுவரையும் நெய்ஞ்சுக்கிட்டே போகணும். இந்த மருந்து போயி ஊடை கோக்கற கையப் புடிச்சுக்கும்."

"அப்ப பாவு மட்டும் தொங்கும்."

"தொங்கும். அந்த ஓட்டைல தண்ணி பூந்து கிருமி வெடிச்சிரும்."

"நம்ம ஒடம்பு வெடிக்காதுங்களா?"

"நமக்கு அந்தச் சுவரே கிடையாது. நெய்யாதவன் கையப் புடிச்சு என்ன ஆகப்போவுது?"

அவர் சிரித்தார். "அப்ப ஓடாத தறிய ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாது. வளர்ற கிருமியத்தான் புடிக்கும். அதனாலதான் நேரம் தவறாமக் குடுக்கச் சொல்றது. காய்ச்சல் விட்டுருச்சுன்னு பாதில நிறுத்திராதீங்க. இந்தத் தொண்டைக் கிருமியச் சரியா ஒழிக்கலைன்னா பின்னால மூட்டுக்குப் போகும், இதயத்துக்கும் போகும்."

எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். தொண்டை, காது, பல் வேர், நெஞ்சுச் சளி, சிறுநீர் எரிச்சல் என்று கிருமி பிடித்த இடத்துக்கெல்லாம் இந்த ஒரே மருந்தை நம் கையால் கொடுக்கிறோம். வயிற்றுப் புண்ணுக்கும் வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கிறோம். சாதாரண ஜலதோஷத்துக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இதனால் பயனில்லை, வைரஸுக்கு நெய்யச் சுவரே இல்லை என்றும் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. இவ்வளவு பழகிய மருந்து என்பதால்தான் அதைப் பற்றிப் பயமில்லாமல் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி இருக்கும். ஜன்னலுக்கு முன்னால் நீள வரிசை. மறுநாள் ஆடிப் பதினெட்டு, மேட்டூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் மாத்திரையை இன்றே வாங்கிவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். செல்வராசுவின் மனைவி கோகிலா பக்கவாட்டில் வந்தாள். கவுண்டர் ஓரத்தில் பாட்டிலை வைத்தாள்.

"இது ஊட்டுல இருக்கக் கூடாதுங்களாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

சேலை முந்தியில் வேப்பிலை முடிந்திருந்தாள். விரல்களில் மஞ்சள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத்தான் தோன்றியது. ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து திரும்பி வந்திருக்கிறது, ஆடி மாதம். ஒரு கையால் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே மறு கையால் பாட்டிலை எடுத்துக் கழிவுப் பெட்டிப் பக்கம் நகர்த்தினேன்.

பாட்டிலின் அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் சிரப்பைக் குளிர்ச்சியாக வைக்கத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் உள்ள மணலில் புதைத்து வைப்பார்கள். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மணல் உதிர்ந்து கவுண்டரில் விழுந்தது. அதைத் துடைக்கப் போனபோது அளவு மூடி என் விரலில் ஒட்டியது. பிசுபிசுப்பு காயவே இல்லை.

"கோகிலா" என்றேன்.

நின்றாள், திரும்பவில்லை.

"எப்ப நிறுத்துனீங்க மருந்த?"

"நேத்தேங்க. நேத்தே நிறுத்தியாச்சுங்க."

"மூடி ஈரமா இருக்கே."

வரிசையில் முன்னால் நின்ற பெரியவர், "பாயம்மா, மொதல்ல எனக்குக் குடுத்துட்டு அப்பறம் வெசாரணை வெச்சுக்குங்க" என்றார். உங்களுக்கு இப்படி ஒரு கட்டம் வரும். வரிசை ஒரு பக்கம் இழுக்கும், மனசில் ஏதோ ஒன்று மறுபக்கம் இழுக்கும். வரிசைக்குக் குரல் உண்டு, மற்றதற்குக் கிடையாது. நான் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே வந்தேன். பெரியவர் சொன்னது ஜன்னல் பலகைக்குப் பின்னால் கேட்டது. அதை இங்கே எழுதவில்லை.

கோகிலாவை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அவள் மூச்சு விடாமல் பேசினாள், குரலைத் தாழ்த்தி.

"புதன்கெழம ராத்திரியே அங்கங்க சிவப்பா தெரிஞ்சுதுங்க. நாத்துனா பாத்துட்டு ஆத்தான்னு சொல்லிட்டாங்க. நேத்துக் காலைல வாசல்ல வேப்பல சொருகியாச்சு. மருந்தத் தூக்கிப் போடுன்னாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. தொண்ட வலிக்குதுன்னு அழுவறா, நீங்க வேற நிறுத்தாதன்னு சொல்லி அனுப்புனீங்க. மணல்லயே பொதச்சு வெச்சிருந்தேன். இன்னிக்குக் காத்தால நாத்துனா பூப் பறிக்கப் போனப்ப ஒரு மூடி குடுத்துட்டேன். குடுத்துச் சித்த நேரத்துல மொகமே உப்பிருச்சுங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா. மருந்து குடுத்ததாலதான் கோவிச்சுக்கிட்டா. எம் பாவந்தானுங்க இது."

"சிவப்பு எங்க இருந்தது?"

"நேத்துத் தொடைல. இன்னிக்கு வயித்துல. தொடைல ஒண்ணையுங் காணோம்."

இடம் மாறும் தடிப்பு. அம்மைக் கொப்புளம் ஒரு இடத்தில் வந்தால் அங்கேயே நின்று பழுத்துக் காய்ந்து உதிரும். அது நடமாடாது. நடமாடுவது ஒவ்வாமைத் தடிப்பு. அந்த இடத்திலேயே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். மருந்தை இனிமேல் கொடுக்கக் கூடாது, ஒவ்வாமைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், பிள்ளையைக் கூட்டிவரச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்தபடி டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் ஊர்ப் பேச்சுக்கு அவர் சிரிப்பார், அவர் பேச்சுக்கு ஊர் சிரிக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"குரல் மாறியிருக்கா?"

அது எனக்குத் தோன்றவில்லை. தோலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டைக்குள் வீங்குமே என்று நினைக்கவில்லை. பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கோகிலாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமாங்க. கம்மிப் போச்சு. வேற யாரோ பேசறாப்புல இருக்குது. ஆத்தாதான் எறங்கிப் பேசறான்னு நாத்துனா சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டு இருக்கறாங்க."

டாக்டர் எழுந்துவிட்டார். "தட்டு" என்றார். நான் அவசரத் தட்டை எடுக்க ஓடினேன். முழங்கால் வலித்ததாக நினைவில்லை. நர்ஸ் 108க்குப் போன் செய்தார். டாக்டர் தன் ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோகிலா எங்களுக்கு முன்னால் சந்து வழியாக ஓடினாள்.

வீடு தெருக்கோடியில். முன்பக்கம் வீடு, பக்கத்திலேயே தறிக் கொட்டகை. வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. செல்வராசுவின் அக்கா பழனியம்மாள் வாசலில் நின்றிருந்தார். அந்தத் தெருவில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, விசிறி, இளநீர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் குறிப்பது வரை அவர் பொறுப்பு. எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பார்த்துத் தேற்றியவர். டாக்டரின் செருப்பைப் பார்த்தார்.

"செருப்போட நிக்கறீங்க, டாக்டரம்மா."

டாக்டர் செருப்பை உதறினார். உள்ளே போகக் காலெடுத்தார். பழனியம்மாள் நகரவில்லை.

"ஆத்தா இருக்கற ஊட்டுக்குள்ள ஊசி எடுத்தாரக் கூடாதுங்க. படிச்சவங்க உங்குளுக்குத் தெரியாம இருக்கலாம். பாயம்மா, நீங்க எத்தன வருசமா இங்க இருக்கறீங்க. நீங்க சொல்லக் கூடாதுங்களா?"

"அம்மா, உள்ள இருக்கறது ஒவ்வாமை. அம்மை இல்ல" என்றார் டாக்டர்.

"அத நீங்க சொல்றீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபமும் பயமும் இருந்தன. தறிச் சத்தத்தில் உள்ளே பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். டாக்டருக்கு இளவயது இருந்தது, பலம் இருந்தது. ஆனால் கூச்சல் எழும், ஆட்கள் கூடுவார்கள், யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடலாம். அப்படி ஓடினதை வேறு ஒரு ஊரில் பார்த்திருக்கிறேன். ஆத்தாவா இல்லையா என்று வாசலில் நின்று வாதாட அந்தப் பிள்ளைக்கு நேரம் இல்லை. எனக்கும் அந்த வாதத்தில் நின்று பேச உரிமை இல்லை.

"அக்கா," என்றேன், "முத்து போட்டிருக்கா?"

அம்மைக் கொப்புளத்தை அங்கே முத்து என்றுதான் சொல்வார்கள். பழனியம்மாள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"போடும்."

"எப்பவும் எந்நேரத்துல போடும்?"

"சிவந்த மறுநாளே போட்டுரும். தண்ணி கோத்துக்கும்."

"இது சிவந்தது புதன்கெழம. இன்னைக்கு வெள்ளி. உங்க கண்ணுக்குத் தெரியாததா? ஒரே ஒரு முத்து காட்டுங்க. நாங்க வந்த வழியே போயிர்றோம்."

டாக்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். என்ன சொல்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு கொப்புளம், கொசுக்கடியே ஆனாலும், இருந்துவிட்டால் என் வார்த்தையிலேயே நான் மாட்டிக்கொள்வேன்.

பழனியம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பி, "டேய் செல்வராசு, தறிய நிறுத்து" என்று கத்தினார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தறி நின்றது. விஷயம் தெரிந்து பக்கத்துக் கொட்டகையிலும் நிறுத்தினார்கள். அந்தத் தெரு சத்தமில்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அமைதியில் உள்ளே இருந்து பிள்ளை மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கரகரவென்று, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விசில்.

அதைக் கேட்கத்தான் அவர் நிறுத்தச் சொன்னார் போலிருக்கிறது. காலையிலிருந்தே அவருக்கும் மனசு நிலையாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போனார். பிள்ளையின் பாவாடையை விலக்கிப் பார்ப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. வயிறு, முதுகு, கை மடிப்பு, காதுக்குப் பின்னால். அம்மை பார்க்கிறவர்கள் பார்க்கும் வரிசையில் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"முத்து இல்ல. எங்கயும் இல்ல" என்றார். "இது அவ இல்ல."

உள்ளே வேண்டாம், வாசலுக்கு வெளியே போடுங்கள் என்றார். வெளியேதான் போட்டோம். தறிக் கொட்டகைப் படியில் செல்வராசு பிள்ளையை மடியில் வைத்து உட்கார, டாக்டர் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். ஆம்பூலை உடைத்துக் கொடுத்தது நான். அளவை நான் வாய்விட்டுச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். எவ்வளவு அவசரத்திலும் அதை மட்டும் விடாதீர்கள். தர்ஷினியின் கண்கள் வீக்கத்துக்குள் புதைந்திருந்தன. உதடு தடித்திருந்தது. பழனியம்மாள் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு, "சாமி, அத்தையப் பாரு சாமி, மூச்ச இழு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் அந்த விசிலையே கேட்டுக்கொண்டிருந்தோம். சிறிது சிறிதாக அது தேய்ந்தது. பிள்ளை அழுதாள். அழுகை அவளுடைய குரலிலேயே வந்தது.

அப்போதும் டாக்டர் முகம் தெளியவில்லை. "இது திரும்ப வரலாம். சில மணி நேரம் கழிச்சுக்கூட வரும். சேலத்துக்கு அனுப்பி ஒரு நாள் வெச்சுப் பாக்கணும்" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. கோகிலா ஏறினாள், பழனியம்மாளும் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் முன் கோகிலா என்னைப் பார்த்து மறுபடி அதையே சொன்னாள்.

"நான் மருந்து குடுத்ததாலதானுங்க."

"மருந்தாலதான். அது வரைக்கும் நீ சொன்னது சரி" என்றேன். "ஆனா கோவிச்சுக்கிட்டது ஆத்தா இல்ல. உம் பொண்ணு ஒடம்பு. எல்லாருக்கும் ஒத்துக்கற மருந்து அவளுக்கு ஒத்துக்கல. நீ பாட்டில எடுத்துட்டு வந்து நடந்ததச் சொன்னதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

அவளுக்கு அது எந்த அளவுக்குக் காதில் விழுந்தது என்று தெரியாது.

திரும்பி வந்து ஜன்னலைத் தூக்கியபோது அதே பெரியவர் அதே இடத்தில் நின்றிருந்தார். "சக்கர மாத்திரைக்கு நின்னு நின்னு நானே கரைஞ்சு போயிட்டேன்" என்றார். விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, "புள்ள பொழச்சுக்குமா?" என்று கேட்டார்.

அன்று பகல் முழுவதும் கை ஒன்று செய்தது, மனம் ஒன்று செய்தது. ஒவ்வொரு அட்டையையும் இரண்டாம் முறை பெயர் படித்துக் கொடுத்தேன். போன் மணி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஜன்னலை இறக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வரவர அதைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று சாயங்காலம்தான் உருவாயிற்று. டாக்டர் சேலத்துக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்து, வீக்கம் வடிகிறது, தொண்டைக்கு வேறு வகை மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். நல்ல செய்தி. ஆனால் அந்தப் பிள்ளை இனிமேல் எந்த ஊரில், எந்தக் காய்ச்சலுக்கு, யாரிடம் போனாலும் இந்த வகை மருந்து அவள் வாயில் விழக் கூடாது. இந்த மருந்து ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரில், ஒவ்வொரு நிறத்தில் வருகிறது. சிட்டையில் சிவப்பு மையில் எழுதி அனுப்பலாம், அனுப்பத்தான் போகிறோம். ஆனால் வீட்டில் யாருக்கு நினைவிருக்க வேண்டும்? பயத்தில் கோகிலா எல்லா மருந்தையும் விட்டுவிடவும் கூடும். தொண்டைக்குப் புதிதாகக் கொடுத்திருப்பதையும் நிறுத்திவிட்டால்?

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு வரும் தடிப்பெல்லாம் ஒவ்வாமை இல்லை. சில நாள் கழித்து, அரிப்பில்லாமல், தட்டையாக வந்து தானே போய்விடுவதும் உண்டு. அதற்கெல்லாம் இந்த மருந்தின் குடும்பமான பென்சிலின் வகையே ஆகாது என்று எழுதி வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு நல்ல மருந்து ஒன்று ஆயுள் முழுவதும் கிடைக்காமல் போகும். எழுதாமல் விடுவது எவ்வளவு ஆபத்தோ, பார்க்காமல் எழுதுவதும் அவ்வளவு ஆபத்து. எப்போது வந்தது, இடம் மாறியதா, அரித்ததா, வீங்கியதா, குரல் எப்படி என்று கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டுமானால் ஆள் நிற்க வேண்டும். நம் கவுண்டரில் ஆள் நிற்க வழியில்லை என்று அன்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஜன்னல், வரிசை, பின்னாலிருந்து தள்ளும் கூட்டம். சங்கடமான விஷயத்தோடு வருகிறவள் பாட்டிலை வைத்துவிட்டு ஓடாமல் வேறு என்ன செய்வாள்?

வீட்டுக்குப் போய், மஃரிப் தொழுதுவிட்டு, வழக்கம்போல் டைரியை எடுத்தேன். காலை வேலைகளை எழுதினேன். ஒன்பது மணிக்கு ஜன்னலைத் தூக்கினேன் என்பதோடு பேனா நின்றுவிட்டது.

மறுநாள் ஆடிப் பதினெட்டு, உள்ளூர் விடுமுறை. எனக்கு முறை வேலை. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மேட்டூருக்குப் போகிறவர்கள், மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு, புதுச் சேலை, சிரிப்பு. மருந்தகத்தைத் திறந்தேன். அன்று மட்டும் முதலில் அவசரத் தட்டைத் தொடவில்லை. உள்ளே நான் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்டருக்கு வெளியே, வரிசை நிற்காத பக்கம், ஜன்னலை ஒட்டிப் போட்டேன். நீங்கள் சேர்ந்த அன்றே இது ஏன் வழியில் கிடக்கிறது என்று கேட்டீர்களே, அந்த நாற்காலிதான். அதன் பிறகுதான் தட்டைப் பார்த்தேன். உடைத்த ஆம்பூலின் இடத்தில் வேறு ஒன்று வைத்தேன்.

நிமிர்ந்தபோது நாற்காலியில் பழனியம்மாள் உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். அதே சேலை, கசங்கியிருந்தது.

"காத்தால ரெண்டு இட்லி தின்னா. மொகம் வடிஞ்சிருச்சு. புது மருந்தும் ஒழுங்காக் குடுக்கறோம்" என்றார். "ஊட்டுக்குப் போயி வாசல் வேப்பலய அவுத்துட்டு நேரா வாரேன்."

மடியிலிருந்த மஞ்சள் பையை ஜன்னல் பலகையில் கவிழ்த்தார். அந்த வீட்டில் இருந்த மருந்தெல்லாம். அட்டைகள், பாதி தீர்ந்த பாட்டில்கள், காகிதத்தில் மடித்த மாத்திரைகள்.

"பாயம்மா, இதுல எதெது அந்தச் சாதி, சொல்லுங்க. நான் தனியா எடுத்து வெக்கறேன்."

ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினேன். காய்ச்சல் மாத்திரை, வயிற்று மாத்திரை, இருமல் மருந்து. கடைசியில் செல்வராசு பல்வலிக்கு மெடிக்கலில் வாங்கிய அட்டை ஒன்று. இரண்டு நிறக் காப்சூல், பெயர் வேறு. திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, அதை மட்டும் அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுங்களா? அது வெள்ளத் தண்ணியாட்டம் இருந்துதே. இது மாத்திரையாவல்ல இருக்குது."

"இதுவும் அதுதான், அக்கா."

அவர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர். நிறத்தைப் பார்த்தார், காப்சூலின் நீளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற எந்தெந்த வேசத்துல வரும், எல்லாத்தையும் காட்டுங்க" என்றார்.